நகரும் அறையும் நான்கு மூலைகளும்

கேரவன் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது சினிமா நடிகர்களின் வண்டிதான். சேலம் அஸ்தம்பட்டியிலிருந்து ஏற்காடு போகும் சாலையில், 1935-ல் டி.ஆர். சுந்தரம் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ் சினிமா ஸ்டுடியோவின் முகப்பு வளைவு இன்றும் நிற்கிறது. ஸ்டுடியோவுக்குள்ளேயே படம் முடிந்த காலத்தில் ஒப்பனை அறை கட்டடத்தில் இருந்தது. படப்பிடிப்பு ஊர் ஊராகப் போகத் தொடங்கியதும் அந்த அறைக்குச் சக்கரம் முளைத்தது. இப்போது குடும்பத்தோடு ஊர் சுற்றுகிறவர்களுக்கும் கேரவன் வந்துவிட்டது. கேரள அரசு 2021-ல் கேரவன் சுற்றுலாவுக்கென்றே தனித் திட்டம் அறிவித்தது.

இந்த வண்டிகள் எல்லாவற்றுக்கும் ஒரே இடைஞ்சல், அகலம். 1989-ம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 93-வது விதி, வண்டியின் மொத்த அகலம் 2.6 மீட்டரைத் தாண்டக் கூடாது என்கிறது. அமெரிக்காவின் வரம்பு 102 அங்குலம். ஏறக்குறைய அதே அளவு. இருபுறச் சுவர்களின் கனத்தைக் கழித்தால் உள்ளே இரண்டரை மீட்டருக்கும் குறைவாகத்தான் மிஞ்சும். ஆறடி ஆள் நீட்டிப் படுக்கிற கட்டிலைக் குறுக்கே போட்டால், அதைக் கடந்து போக ஒருக்களித்து நடக்க வேண்டும். நீளத்தைக் கூட்டலாம் என்றால் வளைவுகளில் வண்டி திரும்பாது. ஏற்காடு மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. நீளமான வண்டி அங்கே என்ன பாடுபடும் என்பது சேலத்துக்காரர்களுக்குத் தெரியும்.

ஓடும்போது ஒடுங்கியும் நிற்கும்போது விரிந்தும் இருக்க வேண்டும் என்ற தேவையில் பிறந்ததுதான் வெளியே நகரும் அறை. பக்கச் சுவரில் பெரிய வாசல் வெட்டி, அதற்குள் ஒரு பெட்டியைப் பொருத்திவிடுகிறார்கள். பெட்டிக்குத் தரை உண்டு, கூரை உண்டு, மூன்று பக்கச் சுவர் உண்டு. வண்டி நின்றதும் பொத்தானை அழுத்தினால் பெட்டி வெளியே வரும். அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தைச் சேர்ந்த நியூமார் நிறுவனம் 1990-ல் இதைத் தன் வண்டிகளில் கொண்டுவந்தது. பிறகு மற்றவர்களும் பின்தொடர்ந்தார்கள். 4 மீட்டர் நீளமுள்ள அறை முக்கால் மீட்டர் வெளியே வந்தால் கூடுதலாகக் கிடைப்பது 3 சதுர மீட்டர், அதாவது 32 சதுர அடி. வீட்டில் அது ஒரு மூலை. கேரவனுக்குள் அது இன்னொரு அறை.

அந்த 32 சதுர அடிக்குக் கொடுக்கும் விலை என்ன என்பதுதான் பொறியியல்.

வெளியே வந்த அறைக்குக் கீழே தூண் எதுவும் கிடையாது. தண்டவாளம் போன்ற இரண்டு சட்டங்கள் வண்டிக்குள்ளிருந்து நீண்டு அதைத் தாங்குகின்றன. அறையும் அதிலுள்ள சோபா, அலமாரி எல்லாமும் சேர்ந்து 500 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அதன் எடை மையம் வண்டியின் விளிம்பிலிருந்து 40 சென்டிமீட்டர் வெளியே இருக்கிறது. சட்டத்தின் 60 சென்டிமீட்டர் மட்டுமே இன்னும் உள்ளே இருக்கிறது. விளிம்பிலுள்ள உருளை நெம்புகோலின் ஆதாரப் புள்ளியாகிவிடும். உள்முனை மேலே எழும்பப் பார்க்கும். அதை அழுத்திப் பிடிக்க 500-ஐ 40-ஆல் பெருக்கி 60-ஆல் வகுத்த அளவு விசை, அதாவது சுமார் 333 கிலோ எடைக்குச் சமமான விசை வேண்டும். இரண்டும் கூடி விளிம்பு உருளையின் மேல் 833 கிலோவாக இறங்குகிறது. அறையின் எடை 500 கிலோதான்; உருளை தாங்குவது அதைவிட மூன்றில் இரண்டு பங்கு அதிகம். நகரும் அறைகளில் முதலில் தேய்வது ஏன் விளிம்பு உருளை என்பதற்கும், வெளிச்சுவரை ஒட்டிய அலமாரியில் அரிசி மூட்டையையும் தண்ணீர்க் கேனையும் அடுக்கக் கூடாது என்பதற்கும் இதுதான் காரணம். ஒவ்வொரு கிலோவும் விளிம்புக்குப் போய்ச் சேரும்போது ஒரு கிலோவாக இருப்பதில்லை.

இது தாங்குவதில் உள்ள சிக்கல். நகர்த்துவதில் உள்ள சிக்கல் இன்னும் நுட்பமானது. மேஜையின் அகலமான இழுப்பறையை ஓரத்தில் பிடித்து இழுத்துப் பாருங்கள். கொஞ்ச தூரம் வந்து குறுக்காகச் சிக்கிக்கொள்ளும். பலமாக இழுத்தால் இன்னும் இறுகும். இதற்குத் தெளிவான கணக்கு உண்டு. இழுக்கும் விசை நடுக்கோட்டிலிருந்து விலகியிருந்தால் பெட்டி திரும்பப் பார்க்கிறது. திரும்பவிடாமல் பக்கவாட்டு வழிகாட்டிகள் இரண்டு எதிர்மூலைகளில் அதை அழுத்துகின்றன. அழுத்தம் இருக்கும் இடத்தில் உராய்வு இருக்கும். நாம் விசையைக் கூட்டினால் அழுத்தமும் அதே விகிதத்தில் கூடும், உராய்வும் கூடும். உராய்வுக் கெழு 0.25 என்றால், விசையின் விலகல் வழிகாட்டியின் நீளத்தைப் போல இரண்டு மடங்கைத் தொட்டவுடனே பெட்டி பூட்டிக்கொள்ளும். அதற்குப் பிறகு எத்தனை குதிரைத்திறன் மோட்டார் போட்டாலும் நகராது.

நம் அறையின் நீளம் 4 மீட்டர். அதன் இரண்டு ஓரங்களிலும் தலா ஒரு மோட்டார். ஒன்று நின்றுபோய் மற்றொன்று மட்டும் தள்ளினால் விசையின் விலகல் 2 மீட்டர். உள்ளே பிடித்திருக்கும் வழிகாட்டியின் நீளம் 60 சென்டிமீட்டர். அதன் இரு மடங்கு 1.2 மீட்டர். எல்லை தாண்டிவிட்டது. ஆகவே சிக்கிய அறையின் பொத்தானை விடாமல் அழுத்திக்கொண்டிருப்பது வீண் வேலை மட்டும் அல்ல, சேதமும் கூட. முதலில் பல்சக்கரத்தின் பல் போகும். அடுத்து சட்டம் வளையும். நகரும் அறையின் ஆரோக்கியம் என்று ஒன்று உண்டென்றால், அது இரண்டு ஓரங்களும் ஒரே வேகத்தில், ஒரே அளவு நகர்வதுதான். பராமரிப்பு என்ற பெயரில் செய்யும் மற்ற எல்லாமும் இந்த ஒன்றைக் காப்பாற்றத்தான்.

இதற்கு உற்பத்தியாளர்கள் கண்ட வழிகள் பல. பல்சட்டமும் பல்சக்கரமும் உள்ள வகையில், ஒரே மோட்டார் ஒரு நீண்ட தண்டைச் சுழற்றும். இரண்டு ஓரப் பல்சக்கரங்களும் அந்தத் தண்டிலேயே இருப்பதால் ஒன்று முந்த முடியாது. எனக்குப் பிடித்த அமைப்பு இதுதான். எடை கூடினாலும் நம்பலாம், நம்மூர் லேத் பட்டறையிலேயே பழுது பார்க்கலாம். இன்னொரு வகையில் சுவருக்குள் இரண்டு தனி மோட்டார்கள். ஒவ்வொன்றும் எத்தனை சுற்று சுற்றியது என்று ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டி எண்ணிக்கொண்டே இருக்கும். முந்துகிறதை நிறுத்திப் பிந்துகிறது வரும்வரை காக்க வைக்கும். இந்த வகையில் அறையைப் பாதி வழியில் நிறுத்தி நிறுத்தி இயக்கினால் எண்ணிக்கை பிசகும். முழுவதும் வெளியே வந்து இரண்டு மோட்டாரும் தாமாக நிற்கும்வரை பொத்தானைப் பிடித்திருந்தால், அந்த இடத்திலிருந்து பெட்டி மீண்டும் கணக்கைத் தொடங்கும். மூன்றாவது வகை ஹைட்ராலிக்.

ஹைட்ராலிக் என்று வந்துவிட்டால் சேலம், நாமக்கல் வட்டாரத்துக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. திருச்செங்கோட்டிலிருந்து புறப்படும் போர்வெல் ரிக் லாரிகள் இந்தியாவின் பல மாநிலங்களில் துளை போடுகின்றன. ஓடும்போது ஒடுங்கி நிற்கும்போது விரிகிற வண்டியின் மிகச் சிறந்த உதாரணம் அதுதான். சாலையில் போகும்போது மாஸ்ட் என்ற துளையிடும் கோபுரம் லாரியின் மேல் படுத்திருக்கும். வேலையிடத்தில் முதலில் ஜாக்குகள் இறங்கி வண்டியைத் தூக்கும்; பிறகு இரண்டு சிலிண்டர்கள் மாஸ்ட்டை நிமிர்த்தும். ஜாக் இறக்கி மட்டம் பார்க்காமல் எந்த அனுபவசாலி ஆபரேட்டரும் மாஸ்ட்டைத் தூக்க மாட்டார். மாஸ்ட் ஒரு டிகிரி சாய்ந்து நின்றால், நேராகப் போகும் துளை 300 மீட்டர் ஆழத்தில் 5 மீட்டருக்கு மேல் விலகியிருக்கும். வண்டி மட்டமாக நிற்பது அங்கே துளையின் தரத்தைத் தீர்மானிக்கிறது.

ஜாக்குக்கு அடியில் அவர்கள் கட்டை வைப்பதற்கும் கணக்கு இருக்கிறது. ஒரு ஜாக் 6 டன் தாங்குகிறது, அதன் பாதம் 30 சென்டிமீட்டர் விட்டம் என்றால், மண்ணின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மீதும் எட்டரை கிலோ அழுத்தம். உழுத வயல் இதைத் தாங்காது. 60-க்கு 60 சென்டிமீட்டர் கனமான பலகையைப் போட்டால் அது 1.7 கிலோவாகக் குறைகிறது. இரவு மழை பெய்து மண் இளகினாலும் ஜாக் புதையாது. கேரவன் ஜாக் தாங்கும் எடை இதைவிடக் குறைவு, பாதமும் சிறியது. பலகை அங்கேயும் அவசியம்.

ஹைட்ராலிக் அறையில் கவனிக்க வேண்டியவற்றில் இரண்டை ரிக் ஆபரேட்டர்கள் சொல்லாமலே அறிவார்கள். ஒரே பம்பிலிருந்து இரண்டு சிலிண்டருக்கு எண்ணெய் பிரிந்து போனால், எதில் சுமை குறைவோ அது முதலில் நகரும். அழுத்தம் எல்லாத் திசையிலும் சமம் என்ற பாஸ்கல் விதி அப்படித்தான் வேலை செய்கிறது. எண்ணெய் சுலபமான வழியைத் தேர்ந்தெடுக்கும். ரிக்கின் மாஸ்ட்டில் இரண்டு சிலிண்டரும் ஒரே இரும்புச் சட்டத்தில் கட்டுண்டிருப்பதால் தொல்லை இல்லை. அறையில் ஒரு ஓரத்தில் கட்டில், மறு ஓரத்தில் ஃப்ரிட்ஜ் என்று எடை ஒருபக்கமாகக் குவிந்தால், எண்ணெயைச் சமமாகப் பங்கிடும் வால்வோ இரு ஓரங்களையும் இணைக்கும் தண்டோ இல்லாமல் தீராது. அடுத்தது கசிவு. சிலிண்டருக்குள் பிஸ்டன் சீல் தேய்ந்தால் வெளியே ஒரு சொட்டு எண்ணெய்கூடத் தெரியாது. ஆனால் அறை இரவோடு இரவாகத் தானே நகரும். மாலையில் சிலிண்டர் தண்டின் மேல் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போட்டுவிட்டுக் காலையில் பார்த்தால் போதும். கோடு இடம் மாறியிருந்தால் சீல் மாற்றும் நேரம் வந்துவிட்டது.

இன்னொன்றும் இங்கே சொல்ல வேண்டும். 5 சென்டிமீட்டர் விட்டமுள்ள சிலிண்டர், சதுர சென்டிமீட்டருக்கு 100 கிலோ அழுத்தத்தில் ஏறக்குறைய 2 டன் விசையோடு தள்ளும். உள்ளே இழுக்கும்போது தண்டு இடத்தை அடைத்துக்கொள்வதால் எண்ணெய் அழுத்தும் பரப்பு குறைகிறது. தண்டு இரண்டரை சென்டிமீட்டர் என்றால் இழுவிசை 1,470 கிலோதான். வெளியே சுலபமாக வந்த அறை உள்ளே போக மறுப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இனி வாசலுக்கு வருவோம். பக்கச் சுவரில் 4 மீட்டர் நீளம், 2 மீட்டர் உயரத்துக்கு வாசல் வெட்டிய பிறகு, வண்டியின் உடல் முறுக்கத்தைத் தாங்கும் பலத்தில் பெரும்பகுதியை இழந்துவிடுகிறது. ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கி நின்றால் சேஸிஸ் முறுக்கிக்கொள்ளும். செவ்வகமாக இருந்த வாசல் இணைகரமாகிவிடும். அதற்குள் செவ்வகப் பெட்டி எப்படி ஒழுங்காக நகரும்? வாசல் சாய்ந்திருக்கிறதா என்று கண்டுபிடிக்கத் தச்சர்களும் கொத்தனார்களும் செய்வதையே செய்யலாம்: டேப் பிடித்து இரண்டு மூலைவிட்டங்களையும் அளப்பது. மேல் சட்டம் 5 மில்லிமீட்டர் நகர்ந்திருந்தால் மூலைவிட்டங்களில் கிட்டத்தட்ட 9 மில்லிமீட்டர் வித்தியாசம் வரும். கண்ணுக்குத் தெரியாத சாய்வை டேப் ஏறக்குறைய இரண்டு மடங்காக்கிக் காட்டிவிடுகிறது. மட்டமான தரையில் அளந்து வித்தியாசம் இருந்தால் உடல் நிரந்தரமாகச் சாய்ந்துவிட்டது. பட்டறைக்குப் போக வேண்டியதுதான். சரிவில் மட்டும் வித்தியாசம் வந்தால் அது ஜாக் போட்டு மட்டம் பார்க்கச் சொல்லும் எச்சரிக்கை. முதலில் மட்டமா, முதலில் அறையா என்பதில் சில உற்பத்தியாளர்கள் தனி வரிசை சொல்வார்கள். வண்டியோடு வந்த கையேடு சொல்வதே முடிவு.

மலைப்பாதையில் ஓடும்போது அறை முழுவதும் உள்ளே போய், பூட்டும் போட்டிருக்க வேண்டும். ஒவ்வொரு கொண்டை ஊசியிலும் சேஸிஸ் ஒருமுறை இந்தப் பக்கமும் ஒருமுறை அந்தப் பக்கமும் முறுகுகிறது. பூட்டு இல்லையென்றால் அந்த அசைவு முழுவதையும் மோட்டாரின் பல்சக்கரம் தாங்கும்.

மின்சாரத்தில் ஏமாறுகிறவர்கள் நிறைய. 12 வோல்ட் பேட்டரியிலிருந்து 8 மீட்டர் தள்ளி இருக்கும் மோட்டார் 20 ஆம்பியர் இழுக்கிறது. இடையில் 4 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி. போக, வர 16 மீட்டர் கம்பியில் 1.4 வோல்ட் வழியிலேயே தொலைந்துவிடும். பேட்டரி பாதி இறங்கியிருந்தால் மோட்டாருக்குப் போய்ச் சேருவது பத்தரை வோல்ட்தான். மோட்டார் திணறும், வேகம் குறையும். தனித்தனி மோட்டார் உள்ள வண்டியில் நீளமான கம்பி உள்ள பக்கம் பிந்தும், அறை கோணலாகும். பழுது மோட்டாரில் என்று நினைத்து அதைக் கழற்றுவதற்கு முன்னால், மோட்டார் முனையில் மல்டிமீட்டரை வைத்து, ஓடும்போது எத்தனை வோல்ட் வருகிறது என்று பாருங்கள். எர்த் கம்பியின் போல்ட் துருப்பிடித்திருப்பதே பல நேரங்களில் மூல காரணம்.

அடுத்தது தூசியும் ரப்பரும். வாசலைச் சுற்றி இரண்டு வகை ரப்பர் இருக்கும். ஒன்று குழாய் போன்றது. அறை முழுதாக வெளியே வந்தாலும் உள்ளே போனாலும் நசுங்கி இடைவெளியை அடைக்கும். மற்றொன்று பட்டை போன்றது. நகரும் சுவரைத் துடைத்துக்கொண்டே இருக்கும். இவை பெரும்பாலும் ஈபிடிஎம் என்ற ரப்பர். வெயிலையும் காற்றையும் நன்றாகத் தாங்கும். பெட்ரோலிய எண்ணெயை மட்டும் தாங்காது. கிரீஸ், டீசல், பழைய என்ஜின் ஆயில் பட்டால் உப்பிக் கொழகொழத்துப் போகும். பட்டறைகளில் கை போகிற முதல் டப்பா கிரீஸ்தான் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். ரப்பருக்குச் சோப்புத் தண்ணீர், அது காய்ந்த பிறகு சிலிக்கான் ஸ்பிரே, வேறெதுவும் வேண்டாம். பிடிமானத்தைச் சோதிக்க ஒரு துண்டுக் காகிதத்தை ரப்பருக்கும் சுவருக்கும் நடுவில் வைத்து அறையை மூடி, காகிதத்தை இழுத்துப் பார்க்கலாம். தடையே இல்லாமல் வந்தால் அந்த இடத்தில் மழைநீரும் தடையில்லாமல் வரும்.

இரும்புச் சட்டத்திலும் கெட்டியான கிரீஸ் ஆபத்துதான். சேலத்தின் வெள்ளைக்கல் சுரங்கப் பகுதியில் ஒரு கோடைக்காலம் வண்டி ஓட்டியவருக்கு அங்கே பறக்கும் தூசி நினைவிருக்கும். சாலைத் தூசியில் குவார்ட்ஸ் மணல் உண்டு. அது சாதாரண எஃகைவிடக் கடினமானது. கிரீஸில் ஒட்டிய தூசி, நகரும் ஒவ்வொரு முறையும் உருளையையும் சட்டத்தையும் அரைக்கும். ஆகவே திறந்த சட்டங்களுக்கு ஒட்டாமல் காய்ந்துவிடும் உலர் மசகு ஏற்றது. அறையின் கூரையையும் மறக்கக் கூடாது. புளியமரத்தடியில் நிறுத்திய வண்டியை உள்ளே இழுப்பதற்கு முன் கூரையைக் கூட்ட வேண்டும். அந்தப் பொடி இலைகள் பட்டை ரப்பருக்கு அடியில் புகுந்து, அடுத்த மழைக்குத் தண்ணீரை உள்ளே வழிநடத்தும்.

வெயிலும் தன் பங்குக்கு அளவுகளை மாற்றும். 4 மீட்டர் அலுமினியச் சட்டம் 30 டிகிரி சூடேறினால் 2.8 மில்லிமீட்டர் நீளும்; அதே நீள எஃகு 1.4 மில்லிமீட்டர்தான் நீளும். ஏப்ரல் மதியம் சேலத்து வெயிலில் இறுக்கமாகச் சரிசெய்த அறை, ஏற்காட்டின் டிசம்பர் விடியற்காலையில் தளர்ந்து நிற்பதில் வியப்பில்லை. அதனால் எந்தத் திருத்தமும் வெயில் ஏறாத காலை நேரத்தில் செய்ய வேண்டும்.

திருத்தம் செய்யும் முறையில் ஒழுங்கு வேண்டும். வண்டியை மட்டமாக நிறுத்தி, அறையை முழுதாக உள்ளே இழுத்து, நான்கு மூலைகளிலும் சுவருக்கும் அறைக்கும் உள்ள இடைவெளியை மில்லிமீட்டரில் அளந்து எழுதுங்கள். முழுதாக வெளியே தள்ளி மறுபடி அளந்து எழுதுங்கள். எட்டு எண்கள் கையில் இருந்தால் கோளாறு எங்கே என்று அவையே காட்டும். மேலே இடைவெளி, கீழே இறுக்கம் என்றால் அறை சாய்கிறது. உயரத் திருகை அசைக்க வேண்டும். இடப்பக்கம் முந்தி வலப்பக்கம் பிந்துகிறது என்றால் நிறுத்தும் நட்டின் இடம் சரியில்லை. எம்12 போல்ட் ஒரு முழுச் சுற்றுக்கு 1.75 மில்லிமீட்டர் நகரும். கால் சுற்றுக்கு அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. திருகுவதற்கு முன் நட்டின் மேல் பெயின்ட்டால் ஒரு கோடு. ஒரு நேரத்தில் ஒரு நட்டு, கால் சுற்று, அறையை ஒருமுறை இயக்கி, மீண்டும் அளவு. அவசரத்தில் நான்கு நட்டுகளையும் ஒன்றாகத் திருகினால், எது நோய், எது மருந்து என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது. வேலை நடக்கும்போது அறைக்கும் வாசலுக்கும் நடுவே யாரும் கை வைக்கக் கூடாது. குழந்தைகளைக் கண்டிப்பாக விலக்கி நிறுத்துங்கள். 2 டன் விசை கையையும் மரத்தையும் வேறுபடுத்திப் பார்ப்பதில்லை.

நாமக்கல்லில் லாரிக்குக் கூண்டு கட்டும் பட்டறைகளும், கரூரில் பேருந்துக்கு உடல் கட்டும் தொழிற்கூடங்களும், திருச்செங்கோட்டின் ரிக் தொழிலும் ஒரு மணி, இரண்டு மணி நேரப் பயண தூரத்துக்குள் இருக்கின்றன. சட்டம் வளைக்கவும், உடல் கட்டவும், ஹைட்ராலிக் பொருத்தவும் தெரிந்தவர்கள் இப்படி அருகருகே அமைந்த வட்டாரம் அரிது. நகரும் அறை கட்ட நமக்கு வெளிநாட்டுத் தொழில்நுட்பம் தேவைப்படாது என்று உறுதியாக நம்புகிறேன். தேவைப்படுவது அளவு எழுதும் பழக்கமும் சட்ட ஒப்புதலும். 1988-ம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 52-வது பிரிவு, பதிவான வண்டியின் அமைப்பை உரிமையாளர் தன் விருப்பப்படி மாற்றுவதைத் தடுக்கிறது. சுவரை வெட்டி அறை பொருத்துவது நிச்சயமாக அந்த வகை மாற்றம். பழைய பேருந்தை வாங்கி அப்படிச் செய்துதர யாராவது முன்வந்தால், வேலை தொடங்கும் முன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எழுத்து மூலம் ஒப்புதல் கேளுங்கள்.

ஏற்கெனவே இப்படி ஒரு வண்டி வைத்திருப்பவர்கள் வடகிழக்குப் பருவமழைக்கு முன், செப்டம்பரிலேயே ரப்பரைச் சோதித்து, எட்டு அளவுகளையும் எடுத்து ஒரு நோட்டில் தேதியோடு எழுதி வையுங்கள். அறை எப்போதாவது சிக்கினால் பொத்தானிலிருந்து உடனே விரலை எடுத்துவிட்டு, முதலில் அந்த நோட்டையும் டேப்பையும் எடுங்கள்.